ஊரில் புது டிராக்டர் வாங்கியிருக்கிறீர்களா?

நம் சங்கத்துக் குடும்பங்களில் பலர், ஊரில் நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் தம்பிக்கோ மச்சானுக்கோ டிராக்டர் வாங்கப் பணம் அனுப்பியிருக்கிறீர்கள். நானும் அனுப்பினேன். பொங்கலுக்குப் போனபோது மாலையும் சந்தனமுமாக வாசலில் நின்றது வண்டி. தம்பி ஓட்ட, நான் ஒரு மட்கார்டிலும் அவன் பேரன் மறு மட்கார்டிலுமாக ஊரைச் சுற்றி வந்தோம். இருபத்தைந்து வருடம் டிராக்டர் பழுது பார்த்தவன் நான். மட்கார்டில் ஆளை ஏற்றாதே என்று எத்தனையோ பேரிடம் சொன்னவன்! சொந்த வண்டி என்றதும் புத்தி எங்கோ போய்விட்டது.

மறுநாள் நெல் மூட்டை ஏற்றிய டிரெய்லரோடு வாய்க்கால் ஓரத்தில் பின் சக்கரங்கள் புதைந்துவிட்டன. தம்பி இரண்டு சக்கரத்துக்கும் முன்னால் ஒரு கட்டையை வைத்துக் கட்டிவிட்டு, ஆக்சிலேட்டரைக் கூட்டப் போனான். நான் ஓடிப் போய்ச் சாவியை அணைத்தேன். அவனுக்குக் கோபம். ஏன் அணைத்தேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என்ஜினின் முழு பலமும் பின் அச்சுக்குப் போகிறது. சக்கரம் சுழல வழி இருந்தால் வண்டி முன்னே நகரும். கட்டை சக்கரத்தைப் பிடித்துக்கொண்டால், அந்த பலம் எங்கே போகும்? சக்கரம் நிற்க, வண்டியின் உடல் அச்சைச் சுற்றித் திரும்பும். முன் சக்கரங்கள் எழும்பும். டிராக்டரின் எடையில் பெரும்பகுதி பின்னால்தான் இருக்கிறது. மூக்கு ஓர் அளவுக்கு மேல் தூக்கிவிட்டால் கிளட்சை மிதித்தும் பயனில்லை; ஓட்டுபவர் மேலேயே கவிழும். எல்லாம் சுமார் ஒன்றரை விநாடியில் முடிந்துவிடும். "தூக்கினால் கிளட்சை மிதித்துக்கொள்கிறேன்" என்பார்கள். தூக்குகிறது என்று மனசுக்குப் படுவதற்கே அந்த நேரம் போதாது.

சங்கிலியை உயரத்தில் கட்டி இழுத்தாலும் இதேதான். பின்னால் தாழ்வாக இருக்கும் டிராபாரில் மட்டுமே கட்ட வேண்டும். டாப் லிங்க் மாட்டும் இடத்தில் கட்டினால் பிடிப்பு கூடும் என்று நம் ஆட்கள் சொல்வது முழுப் பொய்யல்ல, அதனால்தான் ஆபத்து. கேஜ் வீல் மாட்டிய வண்டி சேற்றிலிருந்து வரப்பு ஏறும்போதும் மூக்கு தூக்கும். வரப்பை வெட்டிச் சரிவாக்குங்கள், அல்லது ரிவர்ஸில் ஏறுங்கள்.

நாங்கள் அன்று டிரெய்லரைக் கழற்றி, சக்கரத்துக்குப் பின்னால் மண்ணை வெட்டி, ரிவர்ஸில் எடுத்தோம். அரைமணி நேரம் ஆனது.

அடுத்தது பி.டி.ஓ. ஷாப்ட். ரொட்டவேட்டரைச் சுழற்றுவது இதுதான். நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது விநாடிக்கு 9. தோளில் கிடக்கும் துண்டோ, வேட்டி நுனியோ, பெண்களின் முந்தானையோ பட்டால் கையை எடுப்பதற்குள் ஆளையே இழுத்துவிடும். மேல்மூடி இல்லாமல் ஓட்டக்கூடாது. அடைப்பை எடுக்க வேண்டுமானால் முதலில் என்ஜினை அணையுங்கள். ஓடும் ஷாப்டைத் தாண்டவே கூடாது.

பிரேக் மிதிகள் இரண்டு. வயலில் திரும்பத் தனித்தனி. சாலைக்கு வந்ததும் கொக்கியால் இரண்டையும் சேர்த்துவிட வேண்டும். மறந்து வேகத்தில் ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி சுழன்றுவிடும்.

கவிழ்ந்தால் காக்கும் இரும்புச் சட்டம் பொருத்திய வண்டியென்றால் பெல்ட் கட்டாயம். சட்டம் இல்லாத வண்டியில் கட்டக்கூடாது. நிழலுக்குப் போடும் கூரை சட்டமாகாது.

போபாலிலிருந்து இடார்சி போகும் ரயிலில் புத்னி என்ற ஸ்டேஷனைப் பார்த்திருப்பீர்கள். அங்கே 1955 முதல் மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி நிலையம் இருக்கிறது. தெற்கே உள்ளவர்களுக்கு ஆந்திரத்தில், அனந்தபுரம் பக்கம் கார்லதின்னெயில் ஒன்று உண்டு. தம்பியை அங்கே போகச் சொல்லியிருக்கிறேன், ரயில் செலவு என்னுடையது. உளுந்து எடுத்துவிட்டுப் போகிறேன் என்கிறான். பேரன்தான் என்னோடு பேச மறுக்கிறான். மட்கார்டில் இப்போது அவனை ஏற்றுவதில்லையாம்.