புறக்கடையில் நாலு வீடு! வாடகை கடனை அடைக்குமா?

திருப்பூரிலிருந்து அவிநாசி போகும் சாலையில் இருக்கிறது அனுப்பர்பாளையம். பாத்திரத்துக்குப் பெயர் பெற்ற ஊர். பட்டறைகளில் பித்தளையும் செம்பும் தட்டும் ஓசை தெருவில் போகிறவர் காதில் விழும். சுற்றிலும் பனியன் கம்பெனிகள்.

கம்பெனிக்கு ஆள் வேண்டும். ஆளுக்கு வீடு வேண்டும். மதுரை, தேனி, ராமநாதபுரம் என்று தென் மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தார்கள். பிறகு ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்தும் வந்தார்கள். இத்தனை பேரும் எங்கே தங்குகிறார்கள்? பலருக்கு "லைன் வீடு"தான் வீடு!

லைன் வீடு என்றால் ஓர் அறை, ஒரு சமையல் மூலை. சுவரை ஒட்டி அடுத்த வீடு. இப்படி வரிசையாக நாலு, ஆறு, பத்து. குளியலறை, கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் பொது.

புறக்கடையில் கொஞ்சம் இடம் இருந்தால் போதும். வீட்டுக்காரர் மனசு கணக்குப் போடத் தொடங்கிவிடும்.

"ஏனுங்க, முருங்கை மரம் நிற்கிற இடத்தில் நாலு லைன் வீடு போட்டால் என்னங்க?" என்பார் மனைவி.

"போடலாம். பணம்?" என்பார் கணவர்.

நல்ல கேள்வி! அதற்குத்தான் பதில் தேடப்போகிறோம்.

இரண்டு ரூபாய் வட்டி

நாலு வீடு கட்ட 12 லட்சம் ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். (உங்கள் கொத்தனார் வேறு தொகை சொல்லலாம். அவர் சொன்னதற்கு மேல்தான் ஆகும் என்பது வேறு விஷயம்!) கையில் 2 லட்சம் இருக்கிறது. 10 லட்சம் கடன் வேண்டும். வீட்டுக்கு மாத வாடகை 4 ஆயிரம் என்றால், நாலு வீட்டுக்கு 16 ஆயிரம் வரும்.

தெரிந்தவர் ஒருவர், "நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டிதான். பத்திரம், பட்டா எதுவும் வேண்டாம்" என்கிறார். இரண்டு ரூபாய்தானே என்று தோன்றும். அது மாத வட்டி! வருஷத்துக்கு 24 ரூபாய். 10 லட்சத்துக்கு மாதம் 20 ஆயிரம் வட்டி கட்ட வேண்டும். நாலு வீடும் நிறைந்திருந்தாலும் வாடகை 16 ஆயிரம்தான். மாதா மாதம் 4 ஆயிரம் கையைக் கடிக்கும். அசல் ஒரு காசு கூடக் குறையாது.

கந்து வட்டி, மீட்டர் வட்டி பற்றிச் சொல்லவே வேண்டாம். அவற்றைத் தடுக்க 2003-ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது.

பாங்குக் கடன்

பாங்கில் வட்டி 9 சதவீதம் என்று வைத்துப் பார்ப்போம். 10 லட்சத்தை 10 வருஷத்தில் கட்டினால் மாதத் தவணை 12,668 ரூபாய். 15 வருஷம் என்றால் 10,143 ரூபாய். தவணை குறைந்தது என்று சந்தோஷப்படலாம். ஆனால் 15 வருஷக் கணக்கில் மொத்தம் 3 லட்சத்துக்கு மேல் கூடுதலாகக் கட்ட நேரும்.

ஒரு வழி உண்டு. நீண்ட தவணையை வைத்துக்கொள்ளுங்கள். போனஸ் வந்தாலும், சீட்டு விழுந்தாலும், அசலில் கட்டுங்கள். வட்டி விகிதம் ஏறி இறங்கும் வகையில் தனி மனிதர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைத்தால் பாங்கு அபராதம் வாங்கக்கூடாது. இது ரிசர்வ் பாங்கு 2012-ல் போட்ட விதி.

பாங்கு சும்மா கொடுக்காது. பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, அனுமதி பெற்ற வரைபடம் எல்லாம் கேட்கும். பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறதா? முதலில் அதை மாற்றுங்கள். பங்காளிகள் கையெழுத்து இல்லாமல் அஸ்திவாரம் தோண்டினால், பிறகு கோர்ட்டுக்குத்தான் நடக்க வேண்டிவரும்.

நகையும் போக்கியமும்

நகைக் கடன் உடனே கிடைக்கும். அதில்தான் ஆபத்து. அது பெரும்பாலும் ஒரு வருஷக் கடன். வாடகையோ பத்து வருஷம் வந்தால்தான் கட்டட முதலீடு திரும்பும். மீட்க முடியாவிட்டால் மனைவியின் நகை ஏலத்துக்குப் போகும். பூச்சு வேலைக்குக் குறைகிற சிறு தொகைக்கு நகையை வைக்கலாம். முழு வீட்டையும் நகையின் மேல் கட்டக்கூடாது.

போக்கியம் இன்னொரு வழி. ஒத்தி என்றும் சொல்வார்கள். குடியிருப்பவர் மொத்தமாக ஒரு தொகை கொடுப்பார். வாடகை தர மாட்டார். காலி செய்யும்போது முழுத் தொகையையும் திருப்பிக் கேட்பார். அது செங்கல்லாகவும் சிமெண்டாகவும் மாறியிருக்குமே! அட்வான்சும் அப்படித்தான். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது என்கிறது 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம். ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுப் பதிவு செய்யவும் சொல்கிறது.

பூட்டிய கதவுகள்

கணக்குப் போடும்போது எல்லோரும் நாலு வீட்டு வாடகையையும் கூட்டிவிடுகிறார்கள். ஒரு வீடு காலியானால்? 12 ஆயிரம்தான் வரும். 10 வருஷத் தவணைக்கு 668 ரூபாய் குறையும். இரண்டு வீடு காலியானால், 15 வருஷத் தவணைக்கே 2,143 ரூபாய் குறையும்.

காலியாகுமா என்று கேட்காதீர்கள். திருப்பூர் அதைப் பார்த்திருக்கிறது.

2011 ஜனவரியில், நொய்யல் ஆற்றைக் கெடுத்த சாயக் கழிவுக்காக, சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை ஐகோர்ட்டு உத்தரவிட்டது. வேலை இல்லாதவர்கள் ஊருக்குப் போனார்கள். 2020-ல் கொரோனா ஊரடங்கு. வெளிமாநிலத் தொழிலாளரிடம் ஒரு மாதத்துக்கு வாடகை கேட்கக்கூடாது என்று மத்திய அரசு உத்தரவு போட்டது. அது நியாயம்தான். கூலி இல்லாதவர் எங்கே போவார்? பாங்குத் தவணையைத் தள்ளிப்போடவும் ஆகஸ்டு வரை அனுமதி கிடைத்தது. ஆனால் வட்டி நிற்கவில்லை! 2025 ஆகஸ்டு 27 முதல் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது. பனியன் ஆர்டர்கள் தடைப்பட்டன.

எங்கோ வரி போட்டால், இங்கே புறக்கடையில் ஒரு கதவு பூட்டிக்கொள்கிறது.

ஆகவே அந்தத் தம்பதி கணக்கைத் திருப்பிப் போட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"நாலு வேண்டாமுங்க. முதலில் இரண்டு போடுவோம்" என்கிறார் மனைவி.

செலவு பாதி, 6 லட்சம். கையில் உள்ள 2 லட்சம் போக, கடன் 4 லட்சம். 15 வருஷத் தவணை 4,057 ரூபாய். இரண்டு வீட்டில் ஒன்று காலியானாலும் 4 ஆயிரம் வாடகை வரும். கையிலிருந்து போட வேண்டியது 57 ரூபாய்!

முருங்கை மரத்தையும் வெட்ட வேண்டியதில்லை.