பாதி விலைக் காலணியும் நம் கடையின் பெயரும்

பெயர் பெற்ற நிறுவனத்தின் காலணி இணையதளத்தில் பாதி விலைக்குக் கிடைக்கிறதென்று நம் கடைவீதி நண்பர் ஒருவர் விற்பனைக்காக இருபது ஜோடி வரவழைத்தார். பிரித்தால் பெட்டியில் ஒரு மாடல் எண், காலணிக்குள் வேறு எண். தையல் கோணல். பில்லும் இல்லை. "போட்ட முதலுக்காவது விற்றுவிடலாமா?" என்று கேட்டார். கூடாதென்றோம்.

போலி வணிகச் சின்னமுள்ள சரக்கை விற்பதும், விற்பனைக்கு வைத்திருப்பதும் 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னங்கள் சட்டப்படி குற்றம். ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறை, ரூ.50,000 முதல் ரூ.2 லட்சம் வரை அபராதம். தெரியாமல் வாங்கியதாகச் சொன்னால் மட்டும் போதாது. எச்சரிக்கையோடு வாங்கியதை நிரூபிப்பதும், யாரிடம் வாங்கினோம் என்பதைச் சொல்வதும் நம் தற்காப்புக்கு உதவும்.

ஆகவே வணிகப் பெருமக்களே, பணம் கட்டுமுன் விற்பவரின் பெயர், முகவரியைப் பாருங்கள். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள்படி அவை தளத்தில் இருந்தாக வேண்டும். விலையை நிறுவனத்தின் சொந்தத் தளத்தோடு ஒப்பிடுங்கள். ஜி.எஸ்.டி. எண்ணுள்ள பில்லைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

சொந்த உபயோகத்துக்கு வாங்கி ஏமாந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் உண்டு. மறுவிற்பனைக்கு வாங்கும் நாம் சட்டப்படி நுகர்வோர் அல்ல.

நண்பரின் பணம் திரும்பவில்லை. ஆனால் அந்தச் சரக்கு அவர் கடைக்குள்ளும் ஏறவில்லை. வாடிக்கையாளர் நம்பிக்கையை விடவா இருபது ஜோடி பெரிது?