மழை மாறினும் மனம் தளரோம்

பயிர்த்தொழில் நம்பிக்கையை முதலாகக் கொண்ட தொழிலாகும். இன்று சாமை விதைப்பவர் மூன்று திங்கள் கழித்து வரும் விளைச்சலை நம்பியே விதைக்கிறார். பலாக் கன்று நடுபவர் தம் மக்கள் உண்ணப் போகும் கனியை நம்பியே நடுகிறார். இந்த நம்பிக்கைக்கு அடிப்படையாக இருப்பது மழை. அம்மழையே முறை மாறிப் பெய்யுமாயின், உழவர் நெஞ்சிலே ஐயமும் அச்சமும் தோன்றுவது இயல்பேயாகும்.

ஜவ்வாது மலைச் சிற்றூர்களிலே இன்று இருவகைப் பேச்சைக் கேட்கிறோம். “பருவம் கெட்டுவிட்டது. இனி இந்த நிலத்தை நம்பிப் பிள்ளைகளை வளர்க்க முடியுமா?” என்று ஒரு சாரார் கவலைப்படுகின்றனர். “மழை எந்தக் காலத்திலேதான் பொய்க்கவில்லை? காலநிலை மாற்றம் என்பது வெறும் பேச்சு” என்று மற்றொரு சாரார் கூறுகின்றனர். இரண்டையும் ஆராய்ந்து பார்ப்பது ஊராட்சி உறுப்பினர்களுக்கும் உழவர்களுக்கும் பயன் தரும்.

ஐயங்களும் விடைகளும்

மழை முன்னரும் பொய்த்தது உண்மையே. ஆனால் ஓராண்டின் மழை வேறு. பல பத்தாண்டுகளின் போக்கு வேறு. ஒரு நாள் பனி அதிகமாயிருப்பதைக் கொண்டு உலகம் குளிர்கிறது என்று சொல்லலாகாது. ஒரு புயலைக் கண்டு எல்லாம் மாறிவிட்டது என்றும் சொல்லலாகாது. நெடுங்காலக் கணக்கைத்தான் பார்க்க வேண்டும். அக்கணக்கின்படி, அளவெடுக்கத் தொடங்கிய காலந்தொட்டு உலகம் கண்ட ஆண்டுகளிலே மிக வெப்பமானது 2024-ஆம் ஆண்டு. ஆலைத் தொழில் பெருகுவதற்கு முன்பிருந்த நிலையைவிட அவ்வாண்டின் சராசரி வெப்பம் ஏறக்குறைய ஒன்றரை டிகிரி கூடுதலாக இருந்தது.

இதற்குக் காரணம் யாது? இரவிலே கம்பளி போர்த்துக்கொள்பவருக்கு அது நன்கு விளங்கும். கம்பளி தானாகச் சூடு தருவதில்லை; உடற்சூடு வெளியேறாமல் காக்கிறது. காற்றிலுள்ள கரியமிலவாயுவும் பூமிக்கு அத்தகைய போர்வையாக இருக்கிறது. நிலக்கரியும் எண்ணெயும் பெருமளவில் எரிக்கப்படுவதற்கு முன்பு, காற்றின் பத்து லட்சம் பங்கில் 280 பங்கு அவ்வாயுவாக இருந்தது. இன்று அது 420 பங்கிற்கும் மேலாகிவிட்டது. போர்வை தடித்துவிட்டது.

“சூரியனே முன்னைவிடக் கடுமையாகக் காய்கிறதோ?” என்று சிலர் வினவுகின்றனர். விண்ணையும் அளந்தறிய முடியும் என்பதை இம்மலை மக்களுக்கு விளக்க வேண்டுவதில்லை. இம்மலையின் காவலூரிலேயே வைணு பாப்பு வான்ஆய்வகத்தின் பெருந் தொலைநோக்கி 1986-ஆம் ஆண்டு முதல் விண்மீன்களை ஆராய்ந்து வருகிறது. சூரிய ஒளியின் அளவை 1970-களின் இறுதி முதல் செயற்கைக் கோள்கள் அளந்து வருகின்றன. அது சுமார் பதினொரு ஆண்டுகளுக்கு ஒருமுறை சிறிது ஏறி இறங்குகிறதே ஒழிய, பூமியின் வெப்பத்தைப்போல் தொடர்ந்து ஏறவில்லை.

“ஒருவர் வறட்சி என்கிறார், மற்றொருவர் வெள்ளம் என்கிறார். எதை நம்புவது?” என்பது அடுத்த ஐயம். இரண்டும் ஒரு காரணத்தின் இரு விளைவுகளே. வெப்பம் ஒரு டிகிரி கூடினால் காற்று நூற்றுக்கு ஏழு பங்கு கூடுதலான நீராவியைத் தாங்கும். மழையில்லா நாட்களில் அக்காற்று மண்ணின் ஈரத்தை விரைந்து உறிஞ்சும். மழை பெய்யும் நாளிலோ சேர்த்து வைத்ததைக் கொட்டித் தீர்க்கும்.

இவ்விரு கோலங்களையும் நாம் அண்மையிலே கண்டோம். 2016-ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டிலே வழக்கமான அளவில் பாதிகூடப் பெய்யவில்லை. 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சிப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. 2024 டிசம்பர் தொடக்கத்திலோ, ஃபெஞ்சல் புயலை அடுத்து, அண்டை மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அம்மழை நாட்களில் திருவண்ணாமலையில் மண் சரிந்து ஏழு பேர் மாண்டனர். இவற்றுள் எந்த அளவிற்கு வெப்பப் பெருக்கம் காரணம் என்பதை அறிஞர்கள் தனித்தனியே ஆராய்ந்துதான் கூற முடியும். ஆனால் இரு நிலைகளுக்கும் ஒருசேர ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பதிலே ஐயமில்லை.

அச்சத்தின் விலை

இம்மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் ஆலை நடத்திக் காற்றைக் கெடுத்தவர்கள் அல்லர். பிறர் மூட்டிய தீயின் வெப்பம் இவர்கள் மீது படுகிறது. இது நியாயமான மனக்குறையே. ஆயினும் மனக்குறை மட்டும் வயலைக் காவாது. “இங்கே நாளை என்பது இல்லை” என்ற எண்ணம் வந்துவிட்டால், எந்த வேலைக்கும் எவர் அழைத்தாலும் செல்லும் நிலை வந்துவிடும். 2015 ஏப்ரல் 7-ஆம் நாள் ஆந்திரத்துச் சேஷாசலம் காட்டிலே காவல்துறையினரின் துப்பாக்கிச் சூட்டில் 20 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களைச் சேர்ந்த ஏழைத் தொழிலாளர். சொந்த ஊரிலே உழைப்புக்கு வழியிருப்பது எத்துணை இன்றியமையாதது என்பதை அந்நாள் உணர்த்திற்று.

எம்மழைக்கும் உதவும் பணிகள்

வருங்காலத்தில் இம்மலையில் எந்த ஆண்டு எத்தனை சென்டிமீட்டர் பெய்யும் என்று எவரும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. ஆகவே, மழை மிகுந்தாலும் குறைந்தாலும் பயன் தரும் பணிகளையே முதலில் மேற்கொள்ள வேண்டும். ஐயப்படுவோரும் அஞ்சுவோரும் ஒன்றுகூடிச் செய்யத்தக்க பணிகள் இவை.

முதலாவது, சரிவிலே நீரை நிறுத்துதல். ஓர் ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 40,000 லிட்டர் நீர் விழுகிறது. சமமட்ட வரப்பும், கல் வரப்பும், சிறு தடுப்பணையும் இருப்பின், பெருமழையில் மண் அரிப்புக் குறையும். வறட்சியில் கிணற்று ஊற்று நீடிக்கும். செய்யாறு இம்மலையிலே பிறந்து பாலாற்றில் கலப்பதால், இங்கே தேங்கும் நீர் கீழ்நாட்டு உழவருக்கும் உதவும்.

இரண்டாவது, விதை காத்தல். சாமை குறைந்த நீரில் ஏறக்குறைய மூன்று திங்களில் விளைவது. முதல் விதைப்புக் கெட்டால் மீண்டும் விதைக்க வேண்டிய விதையை ஒவ்வொரு வீட்டிலும், ஊர்ப்பொதுவிலும் சேமித்து வைத்தல் நலம். துவரை, அவரை போன்றவற்றைக் கலந்து பயிரிட்டால் ஒன்று தவறினும் மற்றொன்று கைகொடுக்கும். திருவண்ணாமலையை அடுத்த அத்தியந்தலில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் உள்ளது. உழவர்கள் அங்கே விதை குறித்து ஆலோசனை பெறலாம்.

மூன்றாவது, மரங்களைக் காத்தல். பலா, புளி, நெல்லி ஆகியவற்றின் வேர் மண்ணைப் பிடிக்கும். பயிர் பொய்த்த ஆண்டில் காய் உணவாகவும் பணமாகவும் ஆகும். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், காட்டைப் பாதுகாக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கும் அளித்துள்ளது. கோடையில் காட்டுத் தீயைத் தடுப்பது அந்த உரிமையோடு சேர்ந்த கடமையாகும்.

நான்காவது, மழைக் கணக்கு வைத்தல். ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு மழைமானியும் ஒரு குறிப்பேடும் இருக்கட்டும். சரிவின் அடியிலே எந்தெந்த வீடுகள் உள்ளன, பெருமழை எச்சரிக்கை வந்தால் அங்குள்ளோர் எந்தக் கட்டடத்தில் தங்குவது, அதன் சாவி யாரிடம் இருப்பது என்பவற்றையும் முன்கூட்டியே எழுதி வைத்தல் வேண்டும்.

நமது எதிர்பார்ப்பு

நமக்கும் சில ஆசைகள் உண்டு. இன்று ஜமுனாமரத்தூரில் படிக்கும் சிறுமி வளர்ந்து இம்மலையின் மழைக் குறிப்பேட்டைப் புரட்டும்போது, அதிலே ஓராண்டுகூட விடுபடாதிருக்க வேண்டும். பிழைப்புக்காக மலை இறங்குபவர் வேறு வழியின்றி இறங்காமல், தம் விருப்பத்தால் இறங்க வேண்டும். இவை பேராசைகள் அல்ல; கையெட்டும் தொலைவில் உள்ளவையே.

தமிழ்நாட்டிலே ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அடுத்த கூட்டத்திலே மேற்கூறிய நான்கு பணிகளுள் ஒன்றையேனும் தீர்மானமாக எழுதி, அதனை நிறைவேற்றும் பொறுப்பாளர் பெயரையும் நாளையும் குறித்திட வேண்டுமென்று ஊராட்சி உறுப்பினர்களை அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.