வந்து சேராத கடிதங்கள்

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நாவலப்பிட்டிப் புகையிரத நிலையத்துக்குச் செல்பவர்கள் ஒரு காட்சியை அடிக்கடி காணலாம். மழை தூறிக்கொண்டிருக்கும், இவ்வூரில் மழை தூறாத மாலை எத்தனை? மலையிலிருந்து இறங்கி வரும் வண்டிக்காக ஒரு தாயும் மகனும் காத்து நிற்பர். தாயின் கையில் வாழையிலையிற் கட்டிய சோற்றுப் பொதி. மகனின் தோளிலே புத்தகப் பை. மகன் பேராதனையில் ஆராய்ச்சி செய்கின்றான். கொழுந்துக் கூடை சுமந்தவள் பெற்ற பிள்ளை கலாநிதிப் பட்டத்துக்குப் படிக்கின்றான் என்பது அவர்கள் வாழும் லயம் முழுவதற்கும் பெருமை.

வண்டி வரும் நேரத்தில் தாய் கேட்பாள்: "எப்பய்யா முடியும்?"

"இன்னும் கொஞ்ச நாள்தாம்மா" என்று மகன் சிரிப்பான். சென்ற ஆண்டும் இதே கேள்வி, இதே விடை. வண்டி வளைவில் மறைந்த பிறகு அந்தச் சிரிப்பு என்ன ஆகின்றது என்பதைத் தாய் அறியாள். கம்பளையைத் தாண்டுவதற்குள் அது அவன் முகத்தை விட்டு அகன்றுவிடுவதும் உண்டு.

உயர்ந்த படிப்புப் படிப்பவர்களுக்கு மனத்துயர் ஏது என்று நம்மிற் பலர் எண்ணுகின்றோம். பசியும் கடனும் பிணியுமே துயரம் என்று பழகிய நமக்கு, மின்விசிறியின் கீழ் அமர்ந்து நூல் படிப்பவன் சோர்ந்துபோகின்றான் என்றால் நம்புவது கடினந்தான். ஆனால் உண்மை வேறாக உள்ளது.

எண்கள் கூறுவது என்ன?

பெல்ஜியம் நாட்டின் பிளாண்டர்ஸ் பகுதியில் கலாநிதிப் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்த 3,659 மாணவர்களைப் பற்றிய ஆய்வொன்று 2017ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவர் மனநோய்க்கு ஆளாகும் நிலையில் இருந்தனர். அடுத்த ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு, 26 நாடுகளைச் சேர்ந்த 2,279 பட்டப்பின்படிப்பு மாணவர்களை வினவியது. நூற்றுக்கு 41 பேரிடம் கடுமையான அல்லது நடுத்தரமான மனப்பதற்றமும், 39 பேரிடம் அவ்வாறான மனச்சோர்வும் காணப்பட்டன. பொதுமக்களிடையே இவை நூற்றுக்கு 6 பேரளவிலேயே உள்ளன என அவ்வாய்வாளர்கள் ஒப்பிட்டுக் காட்டினர். தாமாக முன்வந்து விடையளித்தவர்களின் கணக்கு இது. ஆகவே எண்ணிக்கை சற்று மிகைப்பட்டிருக்கலாம். ஆனால் பொருட்படுத்தாமல் விடத்தக்கதன்று.

இதன் காரணத்தை அறிய ஆராய்ச்சியின் இயல்பை அறிதல் வேண்டும். பரீட்சைக்குப் படிப்பவனுக்கு ஒரு நாள் குறிக்கப்பட்டுள்ளது. அந்த நாள் கழிந்தால் பாரம் இறங்கிவிடும். ஆராய்ச்சிக்கோ அப்படி உறுதியான முடிவு நாள் இல்லை. எவரும் விடை காணாத வினாவை எடுத்துக்கொண்டவன், பத்து வழிகளிற் சென்று ஒன்பதில் முட்டித் திரும்புவது வழக்கம். அதுவரை வகுப்பில் முதலாவதாக வந்து பழகியவனுக்கு அந்த ஒன்பது தோல்விகளும் தன் அறிவின் குறையாகவே தோன்றும். உடன் படித்த தோழர்கள் உத்தியோகம் பெற்று, மணமுடித்து, வீடும் கட்டிவிடுவர். இவனோ உதவித்தொகை எப்போது முடியுமோ என்று எண்ணிக்கொண்டு, ஒரேயொரு மேற்பார்வையாளரின் முகக்குறிப்பை நோக்கி வாழ்வான்.

நம் மாணவர்களுக்கு இன்னொரு சுமையும் உண்டு. வீட்டிற் பேசுவது தமிழ். ஊரிற் பழகுவதற்குச் சிங்களம். ஆய்வு எழுதுவது ஆங்கிலம். வீட்டில் எவருக்கும் அவன் செய்யும் வேலை இன்னதென்று விளங்காது. விளங்காத துயரை எந்த மொழியிற் சொல்வது?

ஆராய்ச்சி மாணவர் இராமானுஜன்

இவையெல்லாம் இக்காலத்துப் பிள்ளைகளின் மென்மையால் வந்தவை என்று கூறும் பெரியவர்களுக்கு ஒரு பெயரை நினைவூட்ட விரும்புகின்றேன். கணித மேதை சீனிவாச இராமானுஜன் அவர். அவரை நாம் மேதை என்றே போற்றுகின்றோம். அவரும் ஓர் ஆராய்ச்சி மாணவராக இருந்தார் என்பதை மறந்துவிடுகின்றோம்.

1887ஆம் ஆண்டு ஈரோட்டிற் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த அவர், கல்லூரியிற் கணிதம் தவிர்ந்த பாடங்களிற் கவனம் செலுத்தாது உதவித்தொகையை இழந்தார். 1905ஆம் ஆண்டு எவரிடமும் சொல்லாமல் வீட்டை விட்டு விசாகப்பட்டினத்துக்குச் சென்றுவிட்டார். பெற்றோர் தேடி அலைந்தனர். படிப்பிற் சிறந்தவன் என்று பெயரெடுத்த பிள்ளைக்குத் தோல்வி என்பது எத்துணைப் பெரிய அவமானமாகத் தோன்றும் என்பதற்கு இது முதற்சான்று.

பின்னர்ச் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாவுக்கு எழுதுவினைஞராக இருந்தவரை, 1913ஆம் ஆண்டிற் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபா வழங்கி ஆராய்ச்சி மாணவராக ஏற்றது. பேராசிரியர் ஹார்டியின் அழைப்பின்பேரில் 1914 மார்ச்சிற் கப்பலேறி, கேம்பிரிட்ஜ் நகரின் திரினிற்றிக் கல்லூரியை அடைந்தார். சில மாதங்களில் உலக யுத்தம் மூண்டது. அவருடைய கணிதத்தை நன்கு அறிந்த இருவருள் ஒருவரான லிற்றில்வூட் இராணுவ சேவைக்குச் சென்றுவிட்டார்.

புலால் உண்ணாத இராமானுஜன் கல்லூரி உணவுச்சாலையை விலக்கித் தம் அறையிலே தனியாகச் சமைத்துண்டார். இரவும் பகலும் கணக்கிலே மூழ்கியவருக்கு உணவு வேளையும் உறக்க வேளையும் தவறின. குளிர்காலத்தில் ஒருநாள் அவரைக் காணச் சென்ற மஹாலனோபிஸ், மேலங்கியை அணிந்துகொண்டே அவர் உறங்குவதை அறிந்தார். கட்டிலின்மேல் இறுக்கி விரித்திருந்த கம்பளிகளுக்கு உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பதை அவருக்கு அதுவரை ஒருவரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

வாசகர்களே, இந்தச் சிறு சம்பவத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். எண்களின் அந்தரங்கத்தை அறிந்த மனிதர் குளிரில் நடுங்கிக்கொண்டு படுத்திருக்கின்றார். ஹார்டி அவர்மீது மிகுந்த அன்புடையவர். நாள்தோறும் அவரைச் சந்தித்தார். ஏறக்குறைய ஒவ்வொரு நாளும் அரை டசின் புதிய தேற்றங்களை அவரிடமிருந்து பெற்றார். ஆயினும் "இரவு உறங்கினாயா?" என்று கேட்கும் வழக்கம் அந்த உறவில் இருந்திருப்பின், கம்பளியின் சேதி முன்னரே வெளிப்பட்டிருக்கும்.

மறைக்கப்பட்ட மடல்கள்

ஊரிலிருந்தாவது ஆறுதல் வந்ததா? 1909ஆம் ஆண்டில் அவர் மணந்த ஜானகி அம்மாள் சிறுமியாக இருந்தமையால் உடன் செல்லவில்லை. கணவருக்கு அவர் எழுதிய கடிதங்களை மாமியாரே தடுத்துவைத்தார். கணவருக்கும் மனைவிக்கும் இடையிற் கடல் ஒரு தடை. வீட்டுப் பெட்டி மற்றொரு தடை. தாயும் மகன்மீது உயிரை வைத்திருந்தவரே. பிள்ளையின் படிப்புக்கு இடையூறு வரக்கூடாது என்று எண்ணினாரோ, மருமகளோடு இருந்த மனத்தாங்கலோ, நாம் அறியோம். கடல் கடந்து தனித்திருந்த மகனுக்கு மனைவியின் கடிதம் கிட்டவில்லை என்பதே நிகழ்ந்தது.

1917ஆம் ஆண்டில் அவர் நோயுற்றார். காசநோய் எனக் கருதிச் சிகிச்சை அளித்தனர். 1994ஆம் ஆண்டு அவருடைய நோய்க்குறிப்புகளை ஆராய்ந்த யங் என்பார், அது ஈரலைப் பற்றிய அமீபா நோயாக இருந்திருக்கலாம் என்று எழுதினார். அதே 1917இல் திரினிற்றிக் கல்லூரி அவரை உறுப்பினராகத் தெரிவுசெய்ய மறுத்தது. நோயும் தனிமையும் ஏமாற்றமும் ஒன்றுசேர்ந்தன. 1918ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இலண்டன் நிலத்தடிப் புகையிரத நிலையமொன்றில் அவர் தம் உயிரைப் போக்கிக்கொள்ள முயன்றார். விழிப்புடன் இருந்த ஊழியர் ஒருவர் வண்டியை நிறுத்தியதால் உயிர் தப்பினார். அந்த ஊழியரின் பெயரைக் கணித நூல்கள் கூறுவதில்லை. புகையிரத ஊரில் வாழும் நாமாவது அவரை நன்றியுடன் நினைப்போம்.

அக்காலத்து ஆங்கிலச் சட்டப்படி தற்கொலை முயற்சி குற்றம். பொலிசார் பிடித்துச் சென்றனர்; ஹார்டி விரைந்து சென்று மீட்டார். இச்செய்தி நெடுங்காலம் மறைந்தே கிடந்தது. ஹார்டியின் வாய்மொழியாக இதைக் கேட்டறிந்த வானியல் அறிஞர் சந்திரசேகர் பிற்காலத்தில் வெளியிட்டபோதுதான் உலகம் அறிந்தது.

அதன் பின் நிகழ்ந்ததையும் காண்போம். 1918 மே மாதத்தில் அவர் றோயல் சங்கத்தின் அங்கத்தவரானார். ஒக்ரோபரில், முன்பு மறுத்த திரினிற்றிக் கல்லூரியே அவரை உறுப்பினராக்கியது. இந்த மதிப்பு அவருக்கு ஊக்கம் அளித்ததாகவும், அதன் பின்னரே அவர் தம் மிக அழகிய தேற்றங்கள் சிலவற்றைக் கண்டதாகவும் ஹார்டி எழுதியிருக்கின்றார். ஆனால் உடல் ஏற்கெனவே உடைந்துவிட்டது. 1919 மார்ச்சிற் பம்பாயில் இறங்கியதும் தாயிடம் அவர் கேட்ட முதற்கேள்வி, மனைவி எங்கே என்பதே. 1920 ஏப்ரல் 26ஆம் நாள், 32ஆம் வயதில், சென்னையில் மறைந்தார்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பது நம் பாட்டிமார் மொழி. சித்திரத்தைக் கண்டு வியந்தவர் பலர். சுவர் விரிவதைக் கண்டவர் மிகச் சிலர்.

வீட்டார் செய்யத்தக்கது

அக்காலத்தில் இல்லாத வசதி இன்று நமக்கு உண்டு. மனச்சோர்வு என்பது சோம்பலுமன்று, செய்வினையுமன்று, குடும்பத்துக்கு வந்த இழுக்குமன்று. காய்ச்சலைப் போல் அதுவும் ஒரு நோய். பேச்சாலும் மருந்தாலும் குணமாவது. இலங்கையிலே தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய சட்டம் 1998ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. ஆதலின் உதவி நாடுவோர் சட்டத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. கண்டியிலும் பேராதனையிலும் உள்ள அரசாங்க வைத்தியசாலைகளில் மனநல வைத்தியர்களைக் கட்டணமின்றிக் காணலாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்துக்கு எவரும் பேசலாம்.

அடையாளங்களை அறிந்துகொள்ளுங்கள். இரண்டு வாரங்களுக்கு மேல் உறக்கம் கெடுதல் அல்லது எந்நேரமும் உறங்குதல்; உணவில் வெறுப்பு; விரும்பிய பாட்டிலும் கிரிக்கெற்றிலும் நாட்டமின்மை; மேற்பார்வையாளரைக் காண அஞ்சி ஒளிதல்; திருவிழாவுக்கும் வீட்டுக்கு வராமை; "நான் எதற்கும் உதவாதவன்" என்ற பேச்சு. இவற்றைக் கண்டால் அறிவுரை கூறாதீர்கள். அருகில் அமர்ந்து கேளுங்கள். சாவைப் பற்றி அவன் பேசினால் அதை விளையாட்டாகக் கொள்ளாமல், தனியே விடாமல், அன்றே வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

பேராசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தோல்வியுற்ற பரிசோதனையும் ஆராய்ச்சியின் ஒரு பகுதியே என்பதை மாணவனின் முன்னால் ஒருமுறையேனும் வாய்விட்டுச் சொல்லுங்கள். உங்கள் இளமையில் நீங்கள் முட்டித் திரும்பிய வழிகளையும் சொல்லுங்கள். மதிப்புரை ஒரு மாதம் தாமதித்தால் உங்களுக்கு அது ஒரு மாதம். அவனுக்கோ முப்பது இரவுகள்.

மாணவத் தம்பி, தங்கையரே! உங்கள் ஆய்வு உங்களுடைய வேலை. அதுவே நீங்கள் அல்லீர். துயரை ஒரு தோழரிடமாவது சொல்லுங்கள். ஓராண்டு பிந்துவதாலோ, வழியை மாற்றிக்கொள்வதாலோ, ஆய்வை விட்டு வேறு தொழிலுக்குச் செல்வதாலோ எவருடைய வாழ்வும் முடிந்துபோவதில்லை.

மீண்டும் நாவலப்பிட்டி நிலையத்துக்கு வருவோம். வண்டி வருகின்றது, தாய் பொதியைக் கொடுக்கின்றாள். அடுத்த ஞாயிறு அவள் கேட்கும் கேள்வி மட்டும் சற்று மாறட்டும். "எப்பய்யா முடியும்?" என்பதற்குப் பதிலாக, "நல்லா தூங்குறியாய்யா?" என்று கேட்கட்டும். மகன் உடனே பதில் சொல்லாமல் இருக்கலாம். வண்டியில் ஏறிய பிறகாவது, யன்னலோரம் அமர்ந்து, அவன் அந்தக் கேள்வியை எண்ணிப் பார்ப்பான். இராமானுஜனுக்குப் போய்ச் சேராத கடிதம் ஒன்று இவனுக்காவது வந்து சேர்ந்துவிடும்.