ரஜூலாக் கப்பலின் சரித்திரம்

மழை பொய்த்து ஏரி வறண்டால் ஊரைவிட்டுப் புறப்பட வேண்டிய உத்திரமேரூர் போன்ற உள்நாட்டுக் கிராமவாசிகளுக்கும், 'ரஜூலா'வின் சரித்திரம் தெரிந்திருத்தல் அவசியமென்று கருதுகிறோம்.

1926-ல் கிளாஸ்கோவில் கட்டப்பெற்ற இக்கப்பல் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியாருக்குச் சொந்தம். 1906-ல் ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியை ஸ்தாபித்தபோது, கட்டணத்தைக் குறைத்து அதை நசுக்க முயன்றவர்களும் இவர்களே. சென்னையிலிருந்து நாகப்பட்டினம், பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் செல்லும் ரஜூலாவில் 5,000-க்கு மேற்பட்ட டெக் பிரயாணிகளை ஏற்ற அனுமதி இருந்தது. பாய் விரித்த இடமே அவர்களுக்கு அறை. பெரும்பாலோர் மலாய் நாட்டு ரப்பர்த் தோட்டங்களுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளர். அங்கே கூலி குறைக்கப்பட்டதன் மேல், 1938-ல் இந்திய சர்க்கார் உதவிபெற்றுச் செல்லும் தொழிலாளர் குடியேற்றத்தை நிறுத்தினர்.

யுத்தம் மூண்டதும் ரஜூலா துருப்புக் கப்பலாயிற்று. கூலிகளை நெருக்கி அடைத்த தட்டுக்கள் சிப்பாய்களை அடைக்கவும் பொருத்தமாயிருந்தன போலும்! அதே மார்க்கத்தில் ஓடிய அதன் சகோதரக் கப்பல் 'ரோனா'வும் யுத்தத்துக்குச் சென்றது, அது திரும்பவில்லை. 1943 நவம்பர் 26-ந் தேதி, அல்ஜீரியக் கரைக்கப்பால், ஜெர்மானிய விமானமொன்று ரேடியோவினால் செலுத்திய குண்டு அதைத் தாக்கிற்று. 1,015 அமெரிக்கச் சிப்பாய்கள் மாண்டனர். நூற்றுக்கு மேற்பட்ட இந்திய மாலுமிகளும் உடன் மாண்டனர். செய்தி நெடுங்காலம் மறைக்கப்பட்டது. 2000-ல் அமெரிக்கக் காங்கிரஸ் தன் வீரர்களின் தியாகத்தைத் தீர்மானத்தின் மூலம் கௌரவித்தது. அடுப்பறையிலும் இயந்திர அறையிலும் உழைத்து அதே நீரில் மூழ்கிய நம்மவர் பொருட்டு நமது பார்லிமெண்டிலும் அத்தகைய தீர்மானம் வர வேண்டுமென்று வற்புறுத்துகிறோம். அவர்கள் எவருடைய யுத்தத்தில் இறந்தார்கள் என்ற விவாதம் இதற்குத் தடையாகாது.

யுத்தம் முடிந்தபின் ரஜூலா செப்பனிடப்பட்டுப் பழைய மார்க்கத்துக்குத் திரும்பிற்று. முன்னாளில் கூலிகளாய்ச் சென்றவர்களின் மக்கள் இப்போது உறவினரைக் காணவும், விவாகத்துக்கும் வந்து போயினர். 1973-ல் இந்திய சர்க்காரின் கப்பற் கார்ப்பரேஷன் அதை விலைக்கு வாங்கி, 'ரங்கத்' என்று பெயர் சூட்டியது. சிதம்பரனாரை எதிர்த்த கம்பெனியின் கப்பலில் சுதேசிக் கொடி ஏற 67 ஆண்டுகள் ஆயின. மறு வருஷமே கப்பல் உடைக்கப்பட்டது.