பன்னீர் திராட்சையின் பாட்டி

நுரை பொங்கும் ஒயின் என்றாலே ‘அது வெள்ளைக்காரன் சரக்கு’ என்று ஒதுக்கிவிடுவது செட்டியார்பட்டி, இராஜபாளையம் வட்டாரத்தில் எளிது. ஆனால் வடமேற்கே தெரியும் மலையைத் தாண்டி இறங்கினால் கம்பம் பள்ளத்தாக்கு. அங்கே பந்தலில் கொத்துக்கொத்தாகத் தொங்கும் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உலகம் அதை மஸ்கட் ஹாம்பர்க் என்று அழைக்கிறது. அதைப் பெற்ற இரண்டு கொடிகளில் ஒன்று அலெக்சாண்டிரியா மஸ்கட். அந்த அலெக்சாண்டிரியா மஸ்கட்டைப் பெற்றவற்றில் ஒன்று வெள்ளை மஸ்கட். மரபணு ஆய்வு உறுதிசெய்த உறவு இது. அந்த வெள்ளை மஸ்கட்டிலிருந்துதான் இத்தாலியின் பியட்மான்ட் பகுதியில் ‘ஆஸ்தி’ என்ற இனிப்பான நுரை ஒயின் பிறக்கிறது. பாட்டி பெயர் ஊர் உலகமெல்லாம் தெரியும். பேத்தி தள்ளுவண்டியில் கிலோ கணக்கில் விலைபோகிறாள். ‘பன்னீர் தின்கிற பழம், ஒயினுக்கு ஆகாது’ என்ற தீர்ப்பு அவசரப்பட்டுச் சொன்னது என்பது என் கட்சி.

நுரை ஒயினைத் தேர்ந்தெடுக்க விலையையோ பெயரையோ பார்ப்பதற்கு முன் கேட்கவேண்டியது, குமிழி எப்படி உள்ளே வந்தது என்பது. முதல் வழி நமக்குப் பழகியது: கோலி சோடாவில் செய்வதுபோலக் கரியமில வாயுவை அழுத்தி ஏற்றுவது. மலிவான ஒயின்கள் சில இப்படித்தான். இரண்டாவது ஷாம்பெயின் வழி. ஒருமுறை புளித்து முடிந்த ஒயினில் லிட்டருக்கு ஏறக்குறைய 24 கிராம் சர்க்கரையும் ஈஸ்டும் சேர்த்து, பாட்டிலை மூடிவிடுவார்கள். உள்ளேயே மறுபடி புளித்து, வாயு வெளியேற வழியில்லாமல் அழுத்தம் 6 வளிமண்டலம் வரை ஏறும். கார் டயரில் இருப்பதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். பாட்டில் அத்தனை கனமாக இருப்பதும் தக்கையைக் கம்பியால் கட்டுவதும் இதனால்தான். செத்த ஈஸ்ட் மாதக்கணக்கில் அடியிலேயே கிடந்து ரொட்டி சுட்ட வாசத்தைத் தரும். மூன்றாவது, பாட்டிலுக்குப் பதிலாகப் பெரிய எஃகுத் தொட்டியை மூடிவைத்துப் புளிக்கவைப்பது.

பாட்டில் முறை உயர்ந்தது, தொட்டி முறை மட்டம் என்று விவரம் தெரிந்தவர்களே சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஷாம்பெயினுக்கு எடுக்கும் பழங்கள் வாசம் அடங்கியவை. ஈஸ்ட் கசடு அவற்றுக்கு மெருகூட்டும். மஸ்கட் இனத்துக்கோ பழத்தின் வாசம்தான் சொத்து. ரொட்டி வாசத்தை அதன்மேல் ஏற்றுவது மல்லிகைச் சரத்துக்கு அத்தர் பூசுகிற வேலை. ஆஸ்திக்காரர்கள் இதைப் புரிந்துகொண்டவர்கள். சாற்றை உறைநிலைக்கு அருகே குளிர்வித்து வைத்திருந்து, தேவைப்படும்போது தொட்டியில் புளிக்கவிடுகிறார்கள். சாராயச் சத்து 7 சதவீதம் அளவுக்கு வந்ததும் மறுபடி குளிர்வித்து, ஈஸ்டை வடிகட்டி, புளிப்பதைப் பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். பழத்தின் சர்க்கரையில் மிச்சம் அப்படியே தங்கும். வாயுவும் அதே புளிப்பில் பிறந்தது. இதைப் பத்திரப்படுத்தி வைப்பதில் பயனில்லை. இளசாகவே குடித்துவிட வேண்டும். நம் நாட்டில் நாசிக் பக்கத்திலிருந்து வரும் நுரை ஒயின்களிலோ பேர்பெற்றவை பாட்டில் முறையில் செய்த ‘புரூட்’ வகை. அந்தச் சொல் இருந்தால் லிட்டருக்குச் சர்க்கரை 12 கிராமுக்குள் என்று பொருள். ஒயினில் ‘டிரை’ என்றால் இனிப்பில்லாதது; ஆனால் ‘எக்ஸ்ட்ரா டிரை’ என்பது புரூட்டைவிட இனிப்பு, 12 முதல் 17 வரை. பெயர் வைத்தவர்களின் குறும்பு. இனிப்பு விரும்பி புரூட் வாங்கினால் முகம் சுளிக்கத்தான் வேண்டும்.

வெயில் ஊர்த் திராட்சையில் புளிப்பு குறையுமே, நுரை ஒயினுக்குப் புளிப்பு வேண்டாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பிரேசிலின் சாவோ பிரான்சிஸ்கோ பள்ளத்தாக்கு நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 9 டிகிரியில் இருக்கிறது. கம்பம் வடக்கே ஏறக்குறைய 10 டிகிரி. இரண்டு இடத்திலும் ஆண்டு முழுக்க அறுவடை. பிரேசிலில் மஸ்கட் இனப் பழங்களில் ஆஸ்தி முறையிலேயே நுரை ஒயின் செய்து விற்கிறார்கள். தவிர, வாயுவும் ஒரு புளிப்புதான். நாக்கில் சுருக்கென்று ஏறுவது குமிழி வெடிப்பதால் மட்டும் வருவதில்லை. நாக்கிலுள்ள ஒரு நொதி வாயுவை அமிலமாக மாற்றுகிறது. உயரமான மலை ஏறுபவர்கள் உயரத்தால் வரும் மலைநோய் தாக்காதிருக்க உட்கொள்ளும் அசெட்டாசோலமைடு மாத்திரை அந்த நொதியை முடக்கிவிடும். சிகரத்தைத் தொட்ட மகிழ்ச்சியில் பீரைத் திறந்தால் குமிழி கண்ணுக்குத் தெரியும், நாக்குக்குச் சப்பென்றிருக்கும். ஆக, பழம் தராத விறுவிறுப்பில் ஒரு பங்கை வாயு ஈடுகட்டும்.

இருக்கிற டாஸ்மாக் போதாதா, இன்னொரு மதுவா என்ற ஆட்சேபம்தான் கனமானது. அதை மறுக்க நான் வரவில்லை. ஈஸ்டைப் பாதியில் நிறுத்தத் தெரிந்தவர்கள் அதைத் தொடங்காமலும் இருக்கலாம்: குளிர்ந்த சாறு, ஏற்றிய வாயு, அவ்வளவுதான். முதல் வழியைக் குறைத்துப் பேசத் தேவையில்லாத இடம் இது. வாயு ஏற்றுவது இந்த மாவட்டத்துக்குப் புதிதா என்ன? காளிமார்க் குளிர்பான நிறுவனம் 1916-இல் தொடங்கியது விருதுநகரில். திராட்சை சாயல் அடிக்கும் அதன் பொவண்டோவைப் பல தலைமுறை குடித்திருக்கிறது. மலைக்கு அந்தப்புறம் வாசமுள்ள பழம், இந்தப்புறம் நூறாண்டுக் கைப்பழக்கம். நடுவில் எசென்ஸ் பாட்டில் எதற்கு? பன்னீருக்கு விதை உண்டு, தோல் மென்மை, பறித்தபின் நாள் தாங்காது. சந்தையில் விதையில்லாத பழத்துக்கு முன் இவையெல்லாம் குறை. பறித்த அன்றே பிழிந்து குளிர்த்தொட்டியில் இறக்கும் இடத்தில் இவற்றில் ஒன்றுகூடக் குறையில்லை.