பழைய மலை மின்நிலையங்களுக்குப் புதிய வேலை

நீலகிரியின் பைகாரா மின்நிலையம் 1932-இல் ஓடத் தொடங்கியது. அங்கே 900 மீட்டருக்கும் அதிகமான உயரத்திலிருந்து குழாயில் இறங்கும் நீர், முனைக்குழலில் மணிக்கு ஏறக்குறைய 480 கிலோமீட்டர் வேகத்தில் பீறிட்டு பெல்டன் சக்கரத்தின் கிண்ணங்களில் மோதும். ஒவ்வொரு கிண்ணத்தின் நடுவிலும் உள்ள கூரிய வரம்பு, தாரையை இரண்டாகப் பிளந்து, வந்த திசையிலேயே திருப்பிவிடும். நீரின் வேகத்தில் சுமார் பாதி வேகத்தில் கிண்ணம் நகர்ந்தால், நீர் தன் ஆற்றலை ஏறக்குறைய எல்லாம் கொடுத்துவிட்டுச் சோர்ந்து கீழே விழும். இந்த ஏற்பாடு நூறு வருடங்களுக்கு முன்பே நன்றாகத் தேறிவிட்டது. ஆகவே சக்கரத்தை மாற்றினால் மின்சாரம் கொட்டும் என்று எதிர்பார்ப்பது தவறு; கூடுவது சில சதவீதம்தான், மழை தரும் நீரும் அதேதான். பிறகு ஏன் புதுப்பிக்க வேண்டும்?

அந்த நிலையங்களின் வேலையே மாறிவிட்டது என்பதால். பகலில் சூரிய மின்சாரம் மிஞ்சுகிறது. பொழுது சாய்ந்ததும் அது காணாமல் போகிறது, வீடுகளில் விளக்கெரிவதும் அப்போதுதான். அனல்மின் கொதிகலன் சூடேற மணிக்கணக்காகும். நீர்ச்சுழலி சில நிமிடங்களில் முழு வேகம் பிடிக்கும். ஆனால் பழைய இயந்திரங்களை அடிக்கடி நிறுத்தி ஓட்டினால் ஜெனரேட்டர் சுருள்கள் சூடாகியும் ஆறியும் காப்புறை விரிசல் விடும். புதிய காப்புறை, சுழலியின் வேகத்தைக் கணினிவழி கட்டுப்படுத்தும் கவர்னர் கருவி, மணல் அரிக்காத பூச்சு ஆகியவற்றுக்குச் செலவிடுவது அதற்காகத்தான். அடுத்த படி, பகலில் மிஞ்சும் மின்சாரத்தால் நீரை மேல் நீர்த்தேக்கத்துக்கு ஏற்றி, மாலையில் இறக்குவது. ஆனைமலையின் காடம்பாறையில் 1980-களின் இறுதியிலிருந்து 400 மெகாவாட் நிலையம் ஒன்று இருக்கிறது; ஒரே இயந்திரம் ஒரு பக்கம் சுழன்றால் மின்னாக்கி, மறுபக்கம் சுழன்றால் பம்பு. குந்தாவில் 500 மெகாவாட் திட்டம், ஏற்கெனவே உள்ள போர்த்திமந்து, அவலாஞ்சி-எமரால்டு நீர்த்தேக்கங்களையே இணைக்கிறது.

நீரை ஏற்றி இறக்குவதில் நூற்றுக்கு இருபது, இருபத்தைந்து பங்கு வீணாகிறதே என்பார்கள். உண்மை. ஆனால் வாங்க ஆளில்லாத மதிய மின்சாரத்தை முழுவதுமாக இழப்பதைவிட முக்கால் பங்கை மாலைக்குக் காப்பது லாபம். காட்டை அழிக்குமே என்ற கவலையை அவ்வளவு எளிதாகத் தள்ள முடியாது: நீர்த்தேக்கங்களை இணைக்கச் சுரங்கம் தோண்டிய பாறைக்கழிவை எங்கே கொட்டுவது என்பது சோலைக்காட்டுக்கு உயிர்ப்பிரச்சினை. இருந்தும் பழைய அணைகளை இணைப்பது, புதிய பள்ளத்தாக்கு ஒன்றை மூழ்கடிப்பதை விடக் குறைந்த கேடு. விடை சொல்லக் கடினமானது நீர்த்தேக்கங்களில் சேரும் வண்டல்தான். உருளையும் கேரட்டும் பயிராகும் சரிவுகளிலிருந்து ஒவ்வொரு மழைக்கும் மண் இறங்குகிறது. அதைத் தடுக்கும் செலவை மின்வாரியம் ஏற்பதா, தோட்டக்கலைத் துறை ஏற்பதா என்று தீர்மானிக்காமல் போட்ட எந்தப் புதுப்பிப்புக் கணக்கும் பாதிக் கணக்கே.